காத்திருக்கும் மின்நிலையத்துக்கு யார் செலவு செய்வது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மின்சாரத்தைப் பற்றியவை. சிங்கப்பூரின் பாதுகாப்பையும் வட்டார மின்விநியோகத்தையும் காரணம் காட்டி மின்நிலையங்களுக்கும் கடலடி மின்வடங்களுக்கும் அரசு பணம் ஒதுக்குவது முறைதானா என்பதே, கேட்ட விதம் வேறானாலும், அவற்றின் சாரம். மின்நிலையம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஷிஃப்ட் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால், பதில் எழுதும் பொறுப்பை ஆசிரியர் என்னிடம் ஒப்படைத்தார்.

கேள்வி: 2008-இல் மூன்று பெரிய மின் உற்பத்தி நிறுவனங்களையும் வெளிநாட்டவருக்கு விற்றார்கள். இப்போது அரசே மீண்டும் மின்நிலையம் கட்டுகிறது. விற்றது தவறா, கட்டுவது தவறா?
– வாசகர், ஈசூன்

பதில்: தங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இரண்டில் ஒன்று தவறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எதை விற்றோம், எதைக் கட்டுகிறோம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1927-இல் நகராட்சி திறந்த செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம் தொடங்கி, போருக்குப் பிந்திய மின்பற்றாக்குறையைப் போக்க எழுந்த பாசிர் பாஞ்சாங், பிறகு வந்த ஜூரோங், செனோக்கோ, சிராயாத் தீவு என்று பல பத்தாண்டுகளுக்கு மின்நிலையம் என்றாலே பொதுப்பணத்தில் கட்டப்படுவதுதான் இங்கு வழக்கமாக இருந்தது. 1963-இல் அமைந்த பொதுப் பயனீட்டுக் கழகம் (பியூபி) தண்ணீரையும் மின்சாரத்தையும் எரிவாயுவையும் ஒருசேரக் கவனித்தது. நம் வீடுகளில் இன்றைக்கும் 'பியூபி பில் வந்துவிட்டதா' என்று கேட்பது அந்தக் காலத்தின் மிச்சம்தான். 1995-இல் மின்சாரமும் எரிவாயுவும் அந்தக் கழகத்திலிருந்து பிரிக்கப்பட்டு நிறுவனங்களாயின. 2001-இல் எரிசக்திச் சந்தை ஆணையம் அமைந்தது, 2003-இல் மொத்த விற்பனைச் சந்தை செயல்படத் தொடங்கியது. 2008-இல் துவாஸ் பவர் சீன நிறுவனத்துக்கும், செனோக்கோ பவர் ஜப்பானிய நிறுவனம் தலைமையேற்ற கூட்டமைப்புக்கும், பவர்சிராயா மலேசிய நிறுவனத்துக்கும் கைமாறின. அவற்றை வைத்திருந்த அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக்குக்கு மூன்றிலும் சேர்த்துச் சுமார் 12 பில்லியன் வெள்ளி கிடைத்தது.

அந்த விற்பனையை நான் அன்றும் குறை கூறவில்லை, இன்றும் கூறமாட்டேன். போட்டி வந்த பிறகு, கறுப்பு எண்ணெயை எரித்து நீராவி எழுப்பிய பழைய அலகுகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி, அதே அளவு எரிபொருளில் கூடுதல் மின்சாரம் தரும் கூட்டுச்சுழற்சி எரிவாயு அலகுகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. அந்த மாற்றத்தின் வேகத்தை உள்ளேயிருந்து பார்த்தவன் நான். தினமும் ஓடும் நிலையத்தை, தினமும் விலை கிடைக்கும் பொருளை, தனியார் நன்றாகவே நடத்துகிறார்கள்.

சிக்கல் ஓடாமல் நிற்கும் நிலையத்தில் இருக்கிறது. நம் சந்தையில் அரைமணிக்கு ஒருமுறை விலை நிர்ணயமாகிறது. ஓடி மின்சாரம் தந்த அலகுக்கும், சில நிமிடங்களில் கைகொடுக்கத் தயாராக நின்ற அலகுக்கும் பணம் கிடைக்கும். ஆனால் ஐந்து ஆண்டுக்கோ பத்து ஆண்டுக்கோ ஒருமுறை, எரிவாயுக் குழாய் அடைபடும் அந்த ஒரு வாரத்துக்காகக் காத்து நிற்கும் அலகுக்கு, அதன் கட்டுமானக் கடனையும் ஆட்களின் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுக்க எந்த வணிகருக்கும் மனம் வராது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, பங்குதாரர்களுக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

காத்திருப்பது என்றால் பூட்டிவிட்டுப் போவது என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய டர்பைன் ஒன்றை நிறுத்தியதும் அப்படியே விட்டுவிட முடியாது. பல டன் எடையுள்ள அதன் தண்டு, சூட்டோடு அசையாமல் கிடந்தால், தன் கனத்தாலும் மேலும் கீழும் சமமாக ஆறாத வெப்பத்தாலும் மயிரிழை அளவு வளைந்துவிடும். அடுத்த முறை ஓட்டும்போது அந்த மயிரிழையே அதிர்வாகி இயந்திரத்தைக் கெடுக்கும். ஆகவே டர்னிங் கியர் என்ற சிறு மோட்டாரைக் கொண்டு, ஆறும்வரை மணிக்கணக்கில், நாள்கணக்கில்கூட, நிமிடத்துக்குச் சில சுற்றுகள் மட்டும் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருப்போம். இரவு இரண்டு மணிக்கு, மற்ற அலகுகள் எல்லாம் நின்ற கூடத்தில், அந்த ஒரு தண்டு நகரும் முனகலை மட்டும் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த இரவுகள் பல. அதன் எண்ணெய்ப் பம்பு ஓட வேண்டும், அதைக் கவனிக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரமும் வெளியே போகாது.

அந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி முதலில் எழுந்தது மின்நிலையத்தில் அல்ல, எரிவாயு முனையத்தில். குழாய் எரிவாயுவை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2006-இல் முடிவான, கப்பலில் வரும் திரவ இயற்கை எரிவாயுவை இறக்கும் முனையத்தைத் தனியாரே கட்டுவதாக இருந்தது. உலக நிதி நெருக்கடியில் அந்தத் திட்டம் தள்ளாடியபோது, 2009-இல் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சுமார் 1.7 பில்லியன் வெள்ளியில் ஜூரோங் தீவில் எழுந்த அந்த முனையம் 2013-இல் செயல்படத் தொடங்கியது. அது மட்டும் இல்லாதிருந்தால் அடுத்து வந்த சோதனையில் நாம் என்ன பாடுபட்டிருப்போம் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு படபடக்கும்.

அந்தச் சோதனை 2021-இல் வந்தது. உலகச் சந்தையில் எரிவாயு விலை தாறுமாறாக ஏறிய அதே வேளையில், இந்தோனேசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்து வரும் குழாயில் விநியோகம் தடைப்பட்டது, தென் சுமத்ராவிலிருந்து வரும் எரிவாயுவின் அழுத்தமும் குறைந்தது. ஏறத்தாழ 95 விழுக்காட்டு மின்சாரத்தை எரிவாயுவிலிருந்து பெறும் நாட்டுக்கு அது மூச்சுக்குழாயில் கைவைத்தது போன்றது. அந்த அக்டோபரில் எரிசக்திச் சந்தை ஆணையம் மின் உற்பத்தியாளர்களுக்கென அவசரக்காலத் திரவ எரிவாயுக் கையிருப்பை ஏற்படுத்தியது. அதே ஆண்டு நிறைவேறிய சட்டம், தனியார் முன்வராத நிலையில் மின்நிலையம் போன்ற முக்கியக் கட்டமைப்பை ஆணையமே கட்டவும் வாங்கவும் நடத்தவும் வழிசெய்தது. அதன்பின் 2022-இல் ஆணையம் தொடங்கிய மெராந்தி பவர் என்ற துணை நிறுவனம், ஜூரோங் தீவில் தலா 340 மெகாவாட் திறனுள்ள இரண்டு விரைவுத் தொடக்க எரிவாயு அலகுகளைக் கட்டும் பணியை ஏற்றது. நீங்கள் குறிப்பிட்ட மின்நிலையம் இதுதான். கூட்டுச்சுழற்சி அலகைவிட இதில் எரிபொருள் அதிகம் செலவாகும், அன்றாடம் ஓட்டினால் கட்டுப்படியாகாது. ஆனால் கூப்பிட்ட நிமிடங்களில் எழுந்து வரும்.

ஆக, 2008-இல் விற்றது அன்றாடம் ஓடும் நிலையங்களை, இப்போது கட்டுவது காத்திருக்கும் நிலையத்தை.

சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று கடைசிவரை நம்பியிருந்த இடம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் மின்நிலையங்களும் உறைந்தன. மொத்த மின்கட்டமைப்பும் குலைவதற்குச் சில நிமிடங்களே இருந்த நிலையில் 40 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது, 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 நவம்பரில் அந்த மாநில மக்களே வாக்களித்து, புதிய மின்நிலையங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தர அரசு நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். சிங்கப்பூர் அத்தகைய விலை கொடுக்காமல் அந்த முடிவுக்கு வந்ததை நான் நல்ல காலம் என்றே கருதுகிறேன்.

கேள்வி: இதற்கெல்லாம் கடைசியில் நாங்கள்தானே பணம் கட்டுகிறோம்? நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கும் எங்களைப் போன்றவர்களின் மின்கட்டணம் இதனால் ஏறுமா?
– வாசகி, செங்காங்

பதில்: ஆம் அம்மா, கடைசியில் மக்கள்தான் கட்டுகிறார்கள். வரியாகக் கட்டுகிறோமா, கட்டணமாகக் கட்டுகிறோமா என்பதில்தான் வேறுபாடு, அந்த வேறுபாடு சிறியதன்று.

இந்நாட்டு மின்சாரத்தில் வீடுகள் பயன்படுத்துவது ஏறத்தாழ 15 விழுக்காடுதான். மீதியை ஆலைகளும் அலுவலகங்களும் கடைத்தொகுதிகளும் பயன்படுத்துகின்றன. தரவு நிலையங்கள் மட்டுமே 2020-இல் சுமார் 7 விழுக்காட்டை எடுத்துக்கொண்டன. காத்திருப்பு நிலையத்தின் அன்றாடச் செலவை வரியிலிருந்து கொடுத்தால், மின்சாரத்தை மிகுதியாகப் பயன்படுத்துபவரும் சிக்கனமாக இருப்பவரும் ஒன்றாகிவிடுவார்கள். கட்டணத்தில் சேர்த்தால், பெரிய பயனீட்டாளர் தம் பங்கைத் தாமே செலுத்துவார். ஆகையால், தனியார் தாங்க முடியாத தொடக்க முதலீட்டை அரசு ஏற்கட்டும், காத்திருப்புச் செலவு கட்டணத்தில் சேரட்டும், சிரமப்படும் குடும்பங்களுக்கு, அரசு மின்கட்டணத்தில் தரும் யூ-சேவ் கழிவைப் போன்ற உதவி நேரடியாகச் சேரட்டும் என்பது என் கருத்து. எல்லாருக்கும் மின்சாரத்தை மலிவாகக் கொடுத்து, அதை அரசாங்கம் ஈடுகட்டும் வழியை நான் ஏற்கவில்லை. அந்த வழியில் போன நாடுகளின் மின்வாரியங்கள் கடனில் மூழ்கியதை நாம் கண்டிருக்கிறோம்.

ஒன்றை மட்டும் அரசிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பாதுகாப்புக்கென்று செலவாகும் தொகை எவ்வளவு என்பது கட்டணச்சீட்டில் தனி வரியாகத் தெரிய வேண்டும். தெரிந்து கொடுத்தால் யாருக்கும் மனக்குறை இருக்காது.

கட்டணம் மலிவாக இருந்தாலே போதும் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். சில்லறைச் சந்தை வீடுகளுக்குத் திறக்கப்பட்டபோது, யூனிட்டுக்குச் சில காசு குறைத்துத் தந்த ஒரு விற்பனையாளரிடம் ஒப்பந்தம் செய்தேன். 2021 அக்டோபரில் ஒருநாள் மாலை, தொழிலைவிட்டு விலகுவதாக அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒப்பந்தத்தில் இன்னும் பல மாதம் மீதி இருந்தது. அந்தக் காலக்கட்டத்தில் அவர்களைப்போல் வேறு சில விற்பனையாளர்களும் விலகினார்கள். வீட்டில் விளக்கு ஒரு நொடியும் அணையவில்லை, ஏனென்றால் கணக்கு தானாகவே, மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்துக்கு மாற்றப்பட்டது. விலையை உறுதியளித்தவர் போய்விட்டார், விநியோகத்தை உறுதியளித்த ஏற்பாடு நின்றது. அந்த ஏற்பாட்டுக்குத்தான் நாம் பணம் கட்டுகிறோம் என்று அன்றிரவு என் மனைவியிடம் சொன்னேன். சற்றே கூடிய மறுமாதக் கட்டணச்சீட்டை வாய் பேசாமல் கட்டினேன்.

கேள்வி: லாவோஸ், கம்போடியா, வியட்நாம், ஆஸ்திரேலியா என்று வெளியிலிருந்து மின்சாரம் வாங்கப் போகிறோம். நாளைக்கு அவர்கள் விசையை அணைத்துவிட்டால்? இது பாதுகாப்பா, ஆபத்தா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: இந்த மாதம் வந்தவற்றில் மிக முக்கியமான கேள்வி என்று இதையே சொல்வேன்.

முதலில் நடந்தவற்றைச் சொல்கிறேன். ஆசியான் நாடுகளின் மின்கட்டமைப்புகளை இணைக்கும் எண்ணம் 1990-களிலிருந்தே இருக்கிறது. 2022 ஜூனில் லாவோஸின் நீர்மின்சாரம், தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் அளவில் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியபோதுதான் நான்கு நாடுகள் சேர்ந்த வணிகம் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. நம் உச்சத் தேவையில் அது ஒன்றரை விழுக்காடு இருக்கும். 2035-க்குள் 6,000 மெகாவாட் வரை இறக்குமதி செய்வது இப்போதைய இலக்கு, அது தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்தோனேசியா, கம்போடியா, வியட்நாம் திட்டங்களுக்கு நிபந்தனையுடன் ஒப்புதல் தரப்பட்டுள்ளது. 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலடி மின்வடத்தின் மூலம் ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியிலிருந்து 1,750 மெகாவாட் சூரிய மின்சாரம் கொண்டுவரும் திட்டத்துக்கும் 2024 அக்டோபரில் அதேபோன்ற ஒப்புதல் கிடைத்தது. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் 5 பில்லியன் வெள்ளியுடன் எதிர்கால எரிசக்தி நிதி தொடங்கப்பட்டதும், மறுஆண்டு மேலும் 5 பில்லியன் சேர்க்கப்பட்டதும் இத்தகைய மின்வடங்களையும் ஹைட்ரஜன் கட்டமைப்பையும் மனத்தில் வைத்துத்தான்.

இனி அச்சத்துக்கு வருவோம். அது ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். 2021-இல் மலேசியா, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைச் சிங்கப்பூருக்கு விற்பதைத் தடைசெய்தது, 2023-இல்தான் அத்தடை நீங்கியது. 2022 ஜனவரியில் இந்தோனேசியா, தன் மின்நிலையங்களில் நிலக்கரிக் கையிருப்பு குறைந்துவிட்டதால், நிலக்கரி ஏற்றுமதியையே நிறுத்தியது. இவற்றில் பகைமை எதுவும் இல்லை. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத்தான் அரசுகளும் செய்கின்றன. நெருக்கடி வந்தால் நாமும் அப்படித்தான் செய்வோம்.

ஆனால் வெளியாரை நம்பாமல் நாம் என்றைக்கு வாழ்ந்தோம்? 1992 முதல் மலேசியக் குழாயிலும், 2001 முதல் இந்தோனேசியக் குழாயிலும் எரிவாயு வாங்குகிறோம். ஜொகூர் தண்ணீர் அதற்கும் முன்பிருந்தே வருகிறது. ஜொகூர் தண்ணீரை நிறுத்தாமலே நீர்த்தேக்கமும் புதுநீரும் (சுத்திகரித்த கழிவுநீர்) கடல்நீர்ச் சுத்திகரிப்பும் சேர்த்து நான்கு வழிகளை உண்டாக்கிக்கொண்டதால்தான் இன்று தண்ணீரைப் பற்றி நிம்மதியாகப் பேச முடிகிறது. மின்சாரத்தில் இப்போது ஒரே எரிபொருளின் மேல் நாட்டையே நிறுத்தி வைத்திருக்கிறோம். ஐந்து திசைகளிலிருந்து வரும் ஐந்து மின்வடங்களில் ஒன்று அறுந்தாலும் நான்கு நிற்கும். எரிவாயு என்ற ஒற்றைத் தூணுக்கு அந்த வசதி கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் என் கவலை வேறோரிடத்தில் இருக்கிறது, அதைப் பற்றிப் பொதுவில் யாரும் அதிகம் பேசுவதில்லை. கட்டுப்பாட்டு அறையில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்த பாடம் இது: ஒரே நொடியில் இழக்கக்கூடிய மிகப் பெரிய அலகு எதுவோ, அதன் அளவுக்காவது உற்பத்தித் திறன் கையிருப்பாக எப்போதும் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஓர் அலகு விழுந்த நொடியில் அதைக் காட்டும் முள் 50-ஐ விட்டு இறங்கத் தொடங்கும், கையிருப்பு அதைப் பிடித்து நிறுத்தாவிட்டால் கட்டமைப்பைக் காப்பாற்ற வட்டாரம் வட்டாரமாகத் தானியங்கிக் கருவிகள் மின்சாரத்தைத் துண்டிக்கும். 2004 ஜூன் 29 இரவு, மேற்கு நத்துனா எரிவாயு தடைப்பட்டுத் தீவின் பல பகுதிகள் இருண்டபோது நான் பணியில் இருந்தேன். அந்த முள் இறங்கியதை நான் மறக்கவில்லை. கால் அங்குலம்கூட இருக்காது, அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

இன்று நம்மிடம் இருக்கும் பெரிய அலகுகள் சில நூறு மெகாவாட் அளவுள்ளவை. நாளை ஒரே மின்வடத்தில் ஆயிரம், இரண்டாயிரம் மெகாவாட் வரப்போகிறது என்றால், அந்த வடத்தை ஒரு கப்பலின் நங்கூரம் இழுத்துவிட்டால் இழப்பதும் அவ்வளவுதான். அப்படியானால் உள்நாட்டில் காத்திருக்கும் அலகுகளும், மின்கலச் சேமிப்பும் அதற்கேற்ப வளர வேண்டும். ஜூரோங் தீவில் 2023-இல் திறக்கப்பட்ட மின்கலச் சேமிப்பு ஆற்றல் 285 மெகாவாட்-மணி. 200 மெகாவாட் வீதம் செலவிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். நல்ல தொடக்கம், ஆனால் தொடக்கம்தான். மின்வடத்துக்கு ஒதுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் இணையாக உள்நாட்டுக் காத்திருப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும், இரண்டும் ஒரே திட்டத்தின் இரண்டு பக்கங்கள். ஒன்றைப் பெருமையாகத் திறந்துவைத்துவிட்டு மற்றொன்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், தங்கள் அச்சம் உண்மையாகிவிடும்.

கடலடி மின்வடங்களைக் கட்டி உரிமை கொள்வதற்கென்றே 2025-இல் அரசு தனி நிறுவனம் ஒன்றை அமைத்ததை நான் வரவேற்கிறேன். மின்சாரத்தை விற்பவர் யாராகவும் இருக்கலாம், வழி மட்டும் நம் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: நான் கடலூர் மாவட்டத்திலிருந்து இங்கு வேலைக்கு வந்தவன். எங்கள் ஊரில் நெய்வேலியையும் தெற்கே கூடங்குளத்தையும் மத்திய அரசே கட்டியது. இங்கு செய்வதும் அதுவும் ஒன்றா?
– வாசகர், ஜூரோங்

பதில்: நெய்வேலிக்குப் பக்கத்து ஊர்க்காரர் எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி.

நோக்கத்தில் உறவு உண்டு, வடிவத்தில் வேறுபாடு உண்டு. 1956-இல் நெய்வேலி நிறுவனம் பதிவானபோது, நிலக்கரி வயல்கள் வெகுதொலைவில் வடக்கிலும் கிழக்கிலும் இருந்த தென்னாட்டுக்கு, மண்ணுக்கடியில் கிடந்த பழுப்பு நிலக்கரியைத் தோண்டி மின்சாரமாக்கும் முதலீட்டைப் போட அன்று வேறு யாரும் இல்லை. சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. பின்னர் வந்த 1,470 மெகாவாட் இரண்டாம் நிலையத்தின் மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டுமன்றி அண்டை மாநிலங்களுக்கும் புதுச்சேரிக்கும் பகிரப்பட்டது. ஒரு வட்டாரத்துக்கே பொதுவான மின்நிலையம் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கூறு உண்டு. இந்தியாவில் மத்திய அரசின் மின்நிலையங்களில் பொதுவாக 15 விழுக்காட்டு மின்சாரம் எந்த மாநிலத்துக்கும் நிரந்தரமாக ஒதுக்கப்படாமல், மத்திய அரசின் கையில் வைக்கப்படுகிறது. எங்கே தட்டுப்பாடோ அங்கே அது போகும். பல நாடுகள் சேரும் ஆசியான் மின்கட்டமைப்பிலும் இப்படியொரு பொதுக் கையிருப்பை உடன்பாட்டிலேயே எழுதி வைத்தால் நன்று.

ஆனால் அரசு கட்டுவதால் மட்டும் விளக்கு எரிந்துவிடாது என்பதற்கும் தமிழ்நாடே சாட்சி. கூடங்குளத்துக்கு 1988-இல் உடன்பாடு கையெழுத்தானது, முதல் அலகு வணிக உற்பத்திக்கு வந்தது 2014-இன் கடைசி நாளில். இடையில் 2012 வாக்கில் ஊரில் எத்தனை மணி நேரம் மின்சாரம் இருக்காது என்று நாம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தோம். அரசு முதலீட்டில் காலத்தைக் கணக்கில் வைக்காவிட்டால் பணம் இருந்தும் பயனில்லை.

கேள்வி: அணுமின் நிலையம் வருமா?
– மாணவர், சுவா சூ காங்

பதில்: இன்னும் முடிவாகவில்லை, தம்பி. அன்றைய தொழில்நுட்பம் நம் சிறிய, நெரிசலான நாட்டுக்குப் பொருந்தாது என்று 2012-இல் வெளியான ஆய்வு கூறியது. புதிய சிறிய உலைகளைப் பற்றிய ஆய்வு இப்போது நடக்கிறது. 2024 ஜூலையில் அமெரிக்காவுடன் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாடும் கையெழுத்தானது. முடிவு எதுவானாலும், அதைச் சரியாக எடைபோடக்கூடிய ஆட்கள் நம்மிடம் இருக்க வேண்டும். பொறியியல் படிக்கும் எண்ணம் உண்டானால் இத்துறையையும் நினைத்துப் பார்.

கேள்வி: எரிவாயு நின்றால் டீசலில் ஓட்டலாம் என்கிறார்கள். அந்த டீசலை யாராவது உண்மையிலேயே எரித்துப் பார்க்கிறார்களா, அல்லது தொட்டியில் கிடந்து கெட்டுப்போகிறதா?
– ஓய்வுபெற்ற தொழில்நுட்பர், பிடோக்

பதில்: துறையை அறிந்தவர் கேட்கும் கேள்வி. ஆம், எரித்துப் பார்க்கிறோம். மாற்று எரிபொருள் வைத்திருப்பது உற்பத்தியாளர்களின் கடமை, வைத்திருப்பது மட்டும் போதாது, அதில் ஓடிக் காட்டவும் வேண்டும்.

எங்கள் நிலையத்தில் அந்தச் சோதனை நாளன்று பழைய ஆட்களைக்கூட விடுப்பு எடுக்கவேண்டாம் என்பார்கள். அலகு முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எரிவாயு வால்வு மெல்ல மூட, டீசல் வால்வு மெல்லத் திறக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் நெருப்பு அணைந்துவிட்டால் அலகு நின்றுவிடும், நின்ற அலகைத் திரும்ப எழுப்ப நேரம் பிடிக்கும், உண்மையான நெருக்கடியில் அந்த நேரம் கிடைக்காது. மாதக்கணக்கில் அசையாமல் இருந்த டீசல் வால்வு ஒன்று ஒருமுறை பாதியில் இறுகிக்கொண்டது. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. கழற்றிப் பார்த்தபோது, சூட்டில் காய்ந்த எண்ணெய் கறுப்புப் பொருக்காக அதன் உள்விளிம்பில் படிந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் வரும் அளவுதான். அன்று அது சோதனை என்பதால், துடைத்து, புதிய முத்திரை வளையம் போட்டு, மறுநாள் மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். அதற்குப் பிறகு அந்த வரிசையில் இருந்த எல்லா வால்வுகளையும் மாதம் ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்துப் பதிவேட்டில் கையொப்பம் இடும் வழக்கம் வந்தது. நான் ஓய்வுபெற்ற மாதத்திலும் அந்தப் பதிவேட்டில் என் கையொப்பம் இருந்தது.